கண்ணால் படித்த ஆங்கிலம், வாயால் பழகிய ஆங்கிலம்

1920-களில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்த ஆங்கிலேயர். ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் வங்காளப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டு நின்றுவிடுவதை அவர் கவனித்தார். அப்படி நின்றுவிடுகிற பிள்ளையிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. எல்.ஐ.சி. பாலிசிக்குத் தவணை கட்டிவந்தவர் பாதியில் நிறுத்தினால் கைக்கு வரும் தொகையைச் 'சரண்டர் வேல்யூ' என்கிறோமே, காப்பீட்டுத் துறையின் அந்தச் சொல்லையே எடுத்து வெஸ்ட் பாடத்திட்டத்துக்குப் பொருத்தினார். இரண்டு வருடம் பேச்சாங்கிலம் படித்து நின்றவனுக்கு, ஊரில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதபோது, கையில் ஒன்றும் இராது. இரண்டு வருடம் வாசிக்கப் பழகியவனோ எளிய புத்தகம் ஒன்றை எடுத்துத் தானாகவே மேலே போகலாம். ஆகவே முதலில் வாசிப்பு என்றார். இருமொழியம் பற்றி 1926-இல் வெளிவந்த அவருடைய நூல் இந்த வாதத்தின் மேல்தான் நிற்கிறது.

இந்த வாதத்துக்கு எதிரே நாடக ஒத்திகையை நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். இன்று ஆங்கிலம் பழகத் தொடங்குகிறவர் முதலில் தொடுவது கைபேசியைத்தான் என்பதால் இணையப் பயிற்சிகளும் இடையில் வரும். ஆனால் அவற்றைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. வாசிப்பு, நடிப்பு என்ற இரண்டில் எதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதை வைத்தே அவற்றை அளக்க வேண்டும். மொழி திரும்பத் திரும்ப வந்துதான் நம்மிடம் தங்குகிறது. வாசிப்பில் ஒரே சொல் வேறு வேறு வாக்கியங்களில் திரும்ப வருகிறது. நாடகத்தில் ஒரே வாக்கியம் வேறு வேறு மனநிலைகளில் திரும்ப வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் பயிற்சிதான். ஆனால் ஒன்று தருவதை மற்றது தராது.

வெஸ்ட் காலத்துப் பள்ளி வாசிப்பு நூல்களில் வழக்கொழிந்த இலக்கியச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஒரு புதுச் சொல்லைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். முன்னது மறுபடி தலைகாட்டாமலே பாடம் முடிந்துவிடும். வெஸ்ட் அரிய சொற்களை எடுத்துவிட்டு அன்றாடச் சொற்களை வைத்தார். புதுச் சொற்களை விலக்கி விலக்கி நட்டார், ஒவ்வொன்றும் பலமுறை திரும்பி வரும்படி எழுதினார். 'நியூ மெத்தட் ரீடர்ஸ்' என்ற வரிசை இப்படிப் பிறந்தது. 1935-இல் வந்த அவருடைய அகராதி 24,000 பதிவுகளுக்கு வெறும் 1,490 சொற்களைக் கொண்டே பொருள் சொன்னது. 1953-இல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். இன்று கடைகளில் கிடைக்கும் 'லெவல் 1', 'லெவல் 2' என்று எண் போட்ட எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் எல்லாமே அந்த டாக்கா வகுப்பறையின் வாரிசுகள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைக்காக, நம் துணைக்கண்டத்திலேயே உருவான முறை இது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

சொற்களை ஏன் இப்படி எண்ண வேண்டும்? அகராதியும் ஆசிரியரும் இல்லாமல் ஒரு கதையை ஒருவர் தானே படித்துப் புரிந்துகொள்ள, அதில் 98 விழுக்காடு சொற்கள் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, பால் நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 300 சொற்கள் உள்ள பக்கத்தில் தெரியாத சொல் ஆறு இருக்கலாம். அதற்கு மேல் போனால் வாசிப்பு நின்று அகராதி புரட்டல் தொடங்கிவிடும். நாவலையும் செய்தித்தாளையும் தடையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று நேஷன் 2006-இல் கணக்கிட்டார். வெஸ்டின் 2,000 சொற்களை மட்டும் அறிந்தவருக்குச் சாதாரணப் பக்கம் ஒன்றில் ஐந்தில் நான்கு பங்கு சொற்கள் பிடிபடும்; ஐம்பது அறுபது சொற்கள் இருட்டாகவே இருக்கும்.

நம் வீடுகளில் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். "தினமும் ஹிந்து பேப்பர் படி, இங்கிலீஷ் தானா வரும்." எண்ணம் நல்லது. ஆனால் தமிழ்வழியில் பத்தாவது முடித்த பிள்ளை தலையங்கத்தைத் திறந்து, மூன்று வரிக்குள் தலை சுற்றி, தனக்கு ஆங்கிலம் வராது என்று முடிவுகட்டிவிடுகிறது. வராதது ஆங்கிலம் அல்ல, அந்தப் பக்கம். அதே பிள்ளையிடம் எளிய கதைப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் ஒரே மூச்சில் படித்து அடுத்ததைக் கேட்டிருக்கும். எளிதாக இருப்பது படிப்பாகாது என்ற பழைய நம்பிக்கை எத்தனையோ பிள்ளைகளை வாசிப்பின் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

சொல் எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935-இல் வந்தது, கற்பவருக்காகச் சுருக்கி எழுதப்பட்டதல்ல. என்றாலும் தமிழ்ப் பிள்ளைக்கு அது வேறு ஆங்கில நாவல்களைவிட எளிதாகப் பிடிபடுகிறது. திங்கட்கிழமைக் காலையின் அலுப்பும், வீட்டுப்பாடமும், பாட்டியும், கிரிக்கெட் குழுவுக்குப் பெயர் வைக்கும் பரபரப்பும் ஏற்கெனவே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவை. உலகம் தெரிந்திருந்தால் தெரியாத சொல்லை ஊகிக்கலாம். பனியும் பிர்ச் மரமும் நிறைந்த கதையில் அந்த ஊகத்துக்கு இடமில்லை.

வாசிப்பின் பக்கம் வலுவான சான்று ஃபிஜித் தீவுகளிலிருந்து வருகிறது. 1980-இல் அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். படங்கள் நிறைந்த 250 கதைப் புத்தகங்கள் வகுப்பறைக்குள் வந்தன. சில வகுப்புகளில் பிள்ளைகள் தாமே படித்தார்கள், சிலவற்றில் ஆசிரியரோடு சேர்ந்து படித்தார்கள். வேறு சில வகுப்புகள் வாக்கிய அமைப்புகளைத் திருப்பிச் சொல்லும் வழக்கமான பாடத்திலேயே தொடர்ந்தன. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் புத்தகம் கிடைத்த பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டுப் புரிதலிலும் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அடுத்த ஆண்டில் அந்த வளர்ச்சி எழுத்துக்கும் பேச்சுக்கும்கூடப் பரவியது. கதை படிக்கக் கிடைத்ததால் நேர்ந்த வளர்ச்சி இது.

அப்படியானால் வாசிப்பே போதுமா? அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். புரிகிற மொழி போதிய அளவு உள்ளே போனால் பேச்சு தானே வெளியே வரும் என்பது அவர் கொள்கை. மெரில் ஸ்வெய்ன் 1985-இல் கனடாவிலிருந்து இதற்கு மறுப்பு எழுதினார். அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பல ஆண்டுகள் எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே படித்தார்கள். கேட்டதும் படித்ததும் அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் இலக்கணம் தடுமாறியது. புரிந்துகொள்வதற்குப் பொருளைப் பிடித்தால் போதும், சொல்வதற்கு வாக்கியத்தை முழுதாகக் கட்டியாக வேண்டும், அந்தக் கட்டாயம் அவர்களுக்கு நேரவே இல்லை என்றார் ஸ்வெய்ன். தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு முடித்து நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கனடாப் பிள்ளைகள் அந்நியர்கள் அல்லர்.

கட்டாயம் இல்லாதது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று அச்சுப் பக்கத்திலேயே இருப்பதாக நினைக்கிறேன். 'யூ ஸெட் யூ வுட் கம்' என்ற ஐந்து சொல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் இதைப் பல விதமாகச் சொல்லலாம். 'நீதானே வருவேன் என்றாய்' என்றால் வேறு யாரும் அல்ல, நீ. 'வருவேன் என்று சொன்னாயே' என்றால் வாக்குக் கொடுத்தது உண்மை. 'வருவேன் என்றுதானே சொன்னாய்' என்றால் வேறெதையும் சொல்லவில்லை. அழுத்தத்தைத் தமிழ் தானும் ஏயும் ஓவும் சேர்த்துச் சொல்லிலேயே எழுதிக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ஐந்து சொற்களும் அப்படியே இருக்கின்றன. குரலின் கனம்தான் இடம் மாறுகிறது. முதல் 'யூ'வில் ஊன்றினால் ஒரு பொருள், 'ஸெட்'டில் ஊன்றினால் ஒரு பொருள், கடைசிச் சொல்லில் ஊன்றினால் இன்னொன்று. அச்சில் இவை எதுவும் தெரியாது. எவ்வளவு வாசித்தாலும் கண்ணுக்குக் கிடைப்பது கனம் உரித்தெடுக்கப்பட்ட வாக்கியம்தான்.

இதோடு ஒலியளவின் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நீளத்தை அளந்து வளர்ந்தது நம் காது. ஆங்கிலம் கனத்தை அளக்கிறது. கனமான அசைகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் விழ, நடுவில் உள்ளவை சுருங்கி ஒடுங்குகின்றன. 'யூ வுட்' என்பது 'யூட்' ஆகித் தேய்கிறது. எல்லா அசைக்கும் சம மதிப்புக் கொடுத்து நாம் பேசும்போது கேட்கிறவர் முக்கியமான சொல் எது என்று தேட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசும்போது தேய்ந்த சொற்களை நம் காது தவறவிடுகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த கேரொலின் கிரஹாம், அன்றாடப் பேச்சை ஜாஸ் இசையின் தாளத்தில் வகுப்பே சேர்ந்து சொல்லும்படி அமைத்து 1978-இல் 'ஜாஸ் சாண்ட்ஸ்' என்ற நூலைக் கொண்டுவந்தார். தாளத்தை நாக்குக்குப் பழக்கிவிட்டால் சுருங்க வேண்டிய சொல் தானே சுருங்கும் என்பது அவர் கண்ட வழி.

வாசகர் சாதாரணமாகக் கேட்காத கேள்வியிலிருந்துதான் ஒத்திகை தொடங்குகிறது. இந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லின் மேல் நிற்பது? அதற்குப் பதில் சொல்ல, பேசுகிறவர் யாரிடம், எதை வேண்டிப் பேசுகிறார் என்று தெரிந்தாக வேண்டும். கெஞ்சுகிறாரா, மிரட்டுகிறாரா, மறைக்கிறாரா? முடிவு மாறினால் கனம் மாறும், மூச்சு மாறும், நிற்கும் தூரம்கூட மாறும். கையில் பிரதியோடு நடுங்கி நிற்கும் மாணவியிடம் "இதைச் சரியாக உச்சரி" என்று சொன்னால் குரல் இன்னும் உள்ளே போகும். "அவன் உன்னை ஏமாற்றிவிட்டான், இப்போது சொல்" என்றால் கனம் தானே சரியான இடத்துக்குப் போய் விழுவதை ஒத்திகைகளில் கண்டிருக்கிறேன். இலக்கணப் பெயர் எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செகாவின் 'த ப்ரபோசல்' என்ற குறு நாடகம் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இருக்கிறது. பெண் கேட்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரர், கேட்க வந்ததை மறந்து, ஒரு புல்வெளி யாருக்குச் சொந்தம் என்று அந்தப் பெண்ணோடு சண்டை பிடிக்கிறார். என்னுடையது, எங்களுடையது, உங்களுடையது அல்ல என்ற கூற்று இருவர் வாயிலும் மாறி மாறி வருகிறது. முதலில் விளக்கமாக, பிறகு வியப்பாக, பிறகு எரிச்சலாக, கடைசியில் கத்தலாக. உடைமைப் பெயர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வர ஒரு காரணம் இருக்கிறது. எதிரே நிற்பவர் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. மூல ரஷ்ய மொழியிலிருந்து பெயர்ந்து வந்தது என்பதால் இதன் பயன் குறைந்துவிடவில்லை.

மனப்பாடம் என்றாலே நமக்கு இப்போது ஒரு வெறுப்பு வந்திருக்கிறது. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக்கு 2019-இல் வந்த ஆங்கிலப் பாடநூலின் முதல் துணைப்பாடம் ஷேக்ஸ்பியரின் 'த டெம்பெஸ்ட்', கதை வடிவில். துணைப்பாடத்தை இன்னும் பலர் 'நான்-டீடெய்ல்' என்றுதான் சொல்கிறார்கள். வேகமாக, விருப்பத்தோடு படித்துப் போக வேண்டும் என்பதற்காகவே பாடத்திட்டத்தில் வைக்கப்பட்ட பகுதி அது. நடப்பது என்ன? மேடைக்காக எழுதப்பட்டது கதையாயிற்று. கதை கைடு புத்தகத்தில் கட்டுரையாயிற்று. அந்தக் கட்டுரையைப் பிள்ளை உருப்போட்டுத் தாளில் இறக்குகிறது. அந்த நாடகத்தின் மந்திரவாதி ப்ராஸ்பெரோ யாரிடமும் எதையும் கேட்கவில்லை, அவருக்குப் பணி செய்யும் ஆவி ஏரியல் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தை நெட்டுருப்போடும் உழைப்பு நம் பிள்ளைகளிடம் இருக்கிறது; சிறிய உழைப்பு அல்ல அது. ஆனால் உருப்போடுவது எந்த மனிதரும் இன்னொரு மனிதரிடம் சொல்லாத வாக்கியங்களை. நாடகத்தில் மனப்பாடம் செய்வது ஒருவரிடம் சொல்லப்படும் வாக்கியத்தை. அது தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோவதில்லை, என்றாவது ஒருநாள் அதே சூழல் எதிரே வந்தால் நாக்கில் எழுந்து நிற்கிறது.

மேடையில் நின்று மொழி பழகுவது தமிழருக்குப் புதிதல்ல. வீட்டில் பேசும் தமிழ் வேறு, மேடைத் தமிழ் வேறு. அந்த இரண்டாவது தமிழை நம்மில் பலர் பள்ளியில் மட்டும் கற்கவில்லை. பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுக்களில் சிறுவர்கள் வாத்தியார் சொல்லச் சொல்ல நீண்ட வசனங்களைக் காதால் வாங்கி, நாவில் ஏற்றி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தப் பழகினார்கள். சிவாஜி கணேசனின் உச்சரிப்பு அப்படி விளைந்தது. 1952-இல் 'பராசக்தி' படம் வந்தபோது அதன் நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாகப் பேசிக்காட்டாத ஊர் இருந்திருக்காது. எத்தனையோ இளைஞர்கள் அடுக்குமொழியையும் மூச்சு எடுக்கும் இடத்தையும் அந்த வசனத்திலிருந்தே கற்று, பிறகு தங்கள் சொந்தப் பேச்சைப் பேசினார்கள். பிறர் எழுதிய வசனத்தை உரக்கச் சொல்லிப் பழகிச் சொந்தக் குரலை அடைவது நமக்குத் தெரிந்த வழிதான். ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் அதைக் கைவிட்டோம் என்பது எனக்குப் புரியவில்லை.

நாடகத்துக்கு இன்னொரு வலிமை உண்டு, அதை நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நண்பர்கள் நடுவே ஒருவன் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால் "என்னடா, பீட்டர் விடுற?" என்று கேட்டுவிடுவார்கள். தப்பாகப் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினாலும் கேலி. ஆங்கிலம் என்பது வெறும் மொழியாக இல்லாமல் சாதி, பணம், பள்ளி எல்லாவற்றின் அடையாளமாகவும் இருப்பதால் வந்த கேலி அது. மேடையில் அந்தக் கேலிக்கு இடமில்லை. பாத்திரம் ஆங்கிலம் பேசியாக வேண்டும், ஆகவே அவனும் பேசலாம். கோபப்படலாம், அதட்டலாம், கெஞ்சலாம். தன் பெயரில் ஒரு வாக்கியம்கூடச் சொல்லக் கூசுகிறவர் இன்னொருவர் பெயரில் பத்து நிமிடம் பேசிவிடுகிறார். ஆலன் மேலி, ஆலன் டஃப் இருவரும் 1978-இல் மொழி வகுப்புக்கான நாடக உத்திகளைத் தொகுத்து நூலாக்கியபோது, பார்வையாளருக்காக நாடகம் போடுவது தங்கள் நோக்கம் அல்ல என்று பிரித்துச் சொன்னார்கள். கைதட்டலுக்கு முன்பே, ஒத்திகையிலேயே மொழி கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு நாடகத்தின் வறுமையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மாதம் ஒத்திகை பார்த்த குறு நாடகத்தில் ஒருவருக்குக் கிடைப்பது நாற்பது ஐம்பது வசனம். அதே மாதத்தில் நான்கு எளிய புத்தகங்களைப் படித்தவர் பல்லாயிரம் வாக்கியங்களைக் கடந்திருப்பார். சொல்வளத்தில் நாடகம் வாசிப்பின் அருகில்கூட வர முடியாது. மேலும் அதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் வர வேண்டும். நடத்துகிறவரின் உச்சரிப்பு பிழையாக இருந்தால் குழு முழுவதும் அந்தப் பிழையை ஆயுளுக்கும் சுமக்கும். சின்ன ஊரில் தனியாகப் படிக்கும் ஒருவருக்கு வெஸ்ட் சொன்ன கணக்கு இன்னும் மாறவில்லை. நூலகத்திலிருந்து எடுத்துவரும் ஒரு புத்தகத்துக்கு யாருடைய துணையும் வேண்டாம்.

வாசகரின் வறுமை வேறு வகை. பொருள் தெரியும், எழுதத் தெரியும், சொல்லத் தெரியாது. எழுதியதை அப்படியே ஒலிக்கும் தமிழ் எழுத்தில் வளர்ந்தவர் ஆங்கிலத்தையும் அப்படியே படித்து, 'ரிசீட்' என்பதை 'ரெசிப்ட்' என்றும் 'டெட்' என்பதை 'டெப்ட்' என்றும் மனத்துக்குள் பல வருடம் ஒலித்துவந்திருப்பார். கண்ணுக்குப் பழகிய சொல்லை யாராவது சொல்லக் கேட்கும்போது அடையாளம் தெரியாமல் போகிறது.

இணையத்துக்கு வருவோம். கைபேசிச் செயலிகளின் முதுகெலும்பு, கற்றதை நாள் விட்டு நாள், வாரம் விட்டு வாரம் என்று இடைவெளி விரித்து நினைவூட்டுவது. 2012-இல் பொதுமக்களுக்கு வந்த டுயோலிங்கோ இப்படித்தான் வளர்ந்தது. இதன் வேர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் வெளியிட்ட மறதி ஆய்வில் இருக்கிறது. அவர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நாளில் மறக்கிறது என்று அளந்தார். பொருள் குறுக்கிடக் கூடாது என்பதற்காகவே பொருளற்ற அசைகள். இடைவெளி விட்ட நினைவூட்டல் உண்மையாகவே வேலை செய்கிறது, சொல் சேர்க்க உதவுகிறது. ஆனால் அங்கே வாக்கியம் திரும்பி வருவது கணக்குப்படி நாள் வந்துவிட்டது என்பதற்காக மட்டுமே. கதை அதைக் கேட்கவில்லை, எதிரே நிற்பவரும் கேட்கவில்லை. பேருந்தில் பத்து நிமிடம் செய்ய நல்ல வேலை. அதையே ஆங்கிலப் படிப்பு என்று எண்ணி வருடங்களைக் கழிப்பது வீண்.

இணையத்தில் இவற்றைவிட மதிப்புள்ளவை பழைய இரண்டு வழிகளுக்கும் துணையாக நிற்பவை. 1959 அக்டோபர் 19-ஆம் தேதி வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி சுமார் 1,500 சொற்களுக்குள், சின்ன வாக்கியங்களில், நிதானமாகச் செய்தி வாசிக்கும் ஒலிபரப்பைத் தொடங்கியது. வெஸ்டின் எண்ணம் காற்றில் ஏறியது என்றே சொல்லலாம். அந்த வகைப் பதிவுகள் இன்று எழுத்தும் ஒலியுமாக இணையத்தில் கிடைக்கின்றன. 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குடன்பெர்க் திட்டம் பழைய நூல்களை இலவசமாக்கியது. 2005-இல் வந்த லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் அவற்றை உரக்கப் படித்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே அந்தக் குரலைக் காதால் வாங்கினால், அச்சு மறைத்த கனம் வெளியே தெரிகிறது. 2020 ஊரடங்கில் லண்டன் நேஷனல் தியேட்டர் தன் நாடகப் பதிவுகளை யூடியூபில் இலவசமாகக் காட்டியது. அது பார்ப்பவருக்குக் காது கொடுத்தது, வாய் கொடுக்கவில்லை. காணொளி அழைப்பில் சேர்ந்து நடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் இடைஞ்சல் தெரியும். ஒலி ஒரு நொடி தாமதிக்கும், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு குரல் அறுந்துவிடும், சண்டைக் காட்சி வரிசை முறைப் பேச்சாகிவிடும். இதில் இழப்பது என்ன என்பதை ஒரு பழைய வழக்கம் காட்டும்: எலிசபெத் காலத்து ஆங்கில நாடகத்தில் நடிகருக்கு முழுப் பிரதி கொடுப்பதில்லை. தன் வசனமும், அதற்கு முன் வரும் கடைசிச் சில சொற்களும் மட்டுமே கையில் இருக்கும். எதிராளியைக் காது கொடுத்துக் கேட்டால்தான் தன் முறை வந்தது தெரியும். நாடகம் பேச்சுக்கு மட்டுமல்ல, கேட்டலுக்கும் பயிற்சி என்பது இதனால்தான். தாமதிக்கும் இணைப்பில் அந்தக் கேட்டல் கெடுகிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒரு வசனத்தைக் குரலாக அனுப்ப, மற்றவர் கேட்டு அடுத்ததை அனுப்புவது இதைவிட மேல். யாரோ ஒருவருக்குச் சொல்கிறோம் என்ற உணர்வாவது அதில் இருக்கிறது.

இரண்டு வழிகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஃபிஜியில் ஆசிரியரோடு சேர்ந்து படித்த வகுப்புகள் என்றேனே, அங்கே ஆசிரியர் கதையை உரக்கப் படிப்பார், பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள், அதே கதை மறுபடி படிக்கப்படும், சில நேரம் நடித்தும் பார்ப்பார்கள். வாசிப்புக்கு வெற்றி என்று பேசப்படும் சோதனையின் உள்ளே நாடகத்தின் விதையும் இருந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் 'ரீடர்ஸ் தியேட்டர்' என்று ஒன்று நடத்துகிறார்கள். மனப்பாடம் இல்லை, உடை இல்லை, திரை இல்லை. கையில் பிரதியை வைத்துக்கொண்டு பாத்திரங்களாகப் பிரிந்து உரக்கப் படிப்பது மட்டும். நம் சூழலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. முழு நாடகம் போட முடியாத ஊரிலும் இரண்டு பேர் கிடைப்பார்கள். தினமும் தனக்கு எளிதான புத்தகத்தைத் தனியாகப் படிக்கட்டும், அதுவே அடித்தளம், அதைக் குறைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை அதே புத்தகத்திலிருந்து உரையாடல் உள்ள ஒரு பக்கத்தை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பார்க்கட்டும், பிறகு பாத்திரத்தை மாற்றிக்கொள்ளட்டும். தலையைப் பக்கத்துக்குள் புதைக்காமல், வாக்கியத்தைக் கண்ணால் எடுத்து, நிமிர்ந்து, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதே முறையை 'ரீட் அண்ட் லுக் அப்' என்று ஆசிரியர்களுக்குப் பரிந்துரைத்தவர் வாசிப்பின் பெரும் வழக்கறிஞரான அந்த மைக்கேல் வெஸ்ட்தான்.

பள்ளிகளில் இதற்குப் புதிய திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. துணைப்பாடத்துக்கு என்று கால அட்டவணையில் ஏற்கெனவே நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கட்டுரையை எழுதிப்போட்டுப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, ஏரியல் விடுதலை கேட்கும் இடத்தையும் ப்ராஸ்பெரோ மறுக்கும் இடத்தையும் ஆசிரியர் நான்கைந்து எளிய வாக்கியங்களாக எழுதிக் கொடுக்கலாம். இடப்பக்க வரிசை ஏரியல், வலப்பக்க வரிசை ப்ராஸ்பெரோ. முதல் சுற்றில் ஏரியல் பணிவாகக் கேட்கட்டும், அடுத்த சுற்றில் கோபமாக, அதற்கு அடுத்ததில் வாக்கை நினைவூட்டி. மூன்றாவது சுற்று முடிவதற்குள் கடைசி பெஞ்சில் இருப்பவன் வாயிலிருந்தும் அந்த வாக்கியம் வந்திருக்கும். தேர்வில் வரும் கட்டுரையை அவன் பிறகு எழுதிக்கொள்ளலாம், கதை அவனுக்குத் தெரியும்.